மினி டிராஃப்டர்

"வெச்சுக்கடா, எனக்கு இனிமே வேணாம்" என்று
சேவுகன் தன் டிராஃப்டரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
நான் மகிழ்ந்தேன்.
என்னுடையது போன வருஷமே கை ஆடிப்போனது.
அதில் போட்ட நேர்க்கோடு
கண்டனூர் ரோடு மாதிரி வளையும்.

இரண்டு நாள் அவனுடையதில் வரைந்தேன்.
முப்பது பாகை. அறுபது பாகை. துல்லியம்.

மூன்றாம் நாள் ஜெராக்ஸ் கடையில்
யாருடைய ஜாதிச் சான்றிதழையோ
பதினோராவது பிரதி எடுக்கையில்
மெஷின் வெளிச்சம் ஒருதரம் ஓடி நின்றது.
வேணாம் என்றானா,
இனிமே வேணாம் என்றானா?

அந்த "இனிமே"யின் பின்னால்
மற்றதெல்லாம் வரிசையில் வந்து நின்றன:
மூன்று வாரமாகக் கிரவுண்டுக்கு வராதது,
நான் மறந்தே போன நூற்றிருபது ரூபாயைச்
சில்லறை பொறுக்கித் திருப்பித் தந்தது,
"எப்பவாச்சும் கோவமா பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதடா" என்றது,
"என்னடா சினிமா வசனம்" என்று
நான் சிரித்தது.

கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு நோட்டீஸ் கிடந்தது.
பெண்கள் கல்லூரிக்காக இருநூறு பிரதி போட்டபோது
ஓரம் வெட்டுப்பட்டுக் கழிந்தது, டீக்கறையோடு.
இருநூறு தடவை என் கை வழியாகப் போனதை
அன்றுதான் படித்தேன்.
நேரடியாகக் கேளுங்கள்.
கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.
கீழே 14416.

கேளுங்களாம்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது.
கூரைமேல் நிற்கிற தேவதை
'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடுமாம்.
செத்த எலியைக்கூட அம்மா
'அது போயிருச்சு' என்பாள்.

கோட்டையூர் முக்கில், பங்சர் கடையில்
அவன் எக்ஸெல்லின் பின்சக்கரம் கழற்றப்பட்டிருந்தது.
எங்கேயும் போக முடியாதவனாக
ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தான்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
மழை, டயர் விலை, வார்டன் என்று சுற்றி
கடைசியில் கேட்டேன்:
"செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?"

கடைக்காரர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்.
ஒரு பக்கம் ஒன்றுமில்லை.
திருப்பினார். ஒன்றுமில்லை.
பிறகு ஓரிடத்தில்
சின்னச் சின்னதாய்க் குமிழி.

"ஆமாடா."

தேவதை ஒன்றும் சொல்லவில்லை.

"மூணு அரியர்னுதான் எல்லாரும் நினைப்பாங்க.
அது மட்டுமில்ல.
காலையில எந்திரிக்கிறதே
யாரோ ஒருத்தன் வேலையை நான் செய்யிற மாதிரி இருக்கு.
ஆவணியில அக்கா கல்யாணம். இப்படின்னு தெரிஞ்சா
மாப்பிள்ளை வீட்டுல..."

'அம்மாவை நினைச்சியா' என்பது
என் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.
நினைக்காமலா இவ்வளவு கனம்?
"ம்" என்றேன். மறுபடி "ம்".
நாற்பது நிமிஷம் எனக்கு வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

"யார்ட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."
"பண்ண மாட்டேன்."
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
நான் எழுந்து போகவில்லை.
அவன் பார்க்கும்படியே அவன் அக்காவை அழைத்தேன்.

பொன்னழகு அக்கா
தையல்கடையிலிருந்து அப்படியே வந்தாள்,
தோளில் அளவு டேப் தொங்க.
அழவில்லை, ஏசவில்லை.
அவன் டயரிலேயே கொஞ்சம் இடம் வாங்கி
இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
நோட்டீஸைக் கொடுத்தேன். அங்கேயே போன் போட்டாள்.

செவ்வாய்க்கிழமைகளில் சிவகங்கை பெரியாஸ்பத்திரி.
அவன் அம்மா பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டாள்.
மருந்துச் சீட்டும் விபூதிப் பொட்டலமும்
ஒரே மஞ்சள்பையில் போய் வருகின்றன.
மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னார்களா, தெரியாது.
நான் கேட்கவில்லை.

சில நாள் பேசுகிறான்.
சில நாள் போனை எடுப்பதில்லை;
அன்றைக்கு நான் பஸ் ஏறிவிடுவேன்.
அரியர் மூன்றும் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று வந்து நின்றான்.
"டிராஃப்டரைக் குடுடா. வெள்ளிக்கிழமை பரீட்சை."
கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒரு திருகாணியைக் காணோம் என்று
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தான்.

திட்டட்டும்.