ஐம்பத்தைந்து சி.சி.

இரண்டரை மில்லிமீட்டர்.
முனவர் பாய் நகர்த்தியது அவ்வளவுதான்.
கிராங்க் பின்களில் வெல்டிங்கை அப்பி,
பழைய மையத்துக்குச் சற்று வெளியே
புதிய மையம் குறித்து
மூன்றையும் கடைந்து முடிக்க
ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது
கலாசிபாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
கூலன்ட் பால்போல் வழியும் அந்த ஒற்றை மெஷினில்.

மேலே இரண்டரை, கீழே இரண்டரை.
எழுபத்திரண்டு எழுபத்தேழானது.

கிராங்க்கைக் கயிற்றில் தொங்கவிட்டு
சின்னச் சுத்தியலால் தட்டினார்.
மணி அடித்தது. விரிசல் இல்லை.
சத்தம் அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

"எவ்வளவு கூடும் பாய்?"
சுவரில் சாக்பீஸால் பெருக்கினார்.
மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து ஐம்பத்தைந்து சி.சி.
"ஒரு காபி. பை-டூ" என்றார்
தன் பாதியை ஊதிக்கொண்டே.
என் பாதி என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

விட்டத்தைக் கூட்டியிருக்கலாம்.
சுவர் மெலிது, அந்தப் பக்கம் தண்ணீர்.
மர்பி டவுனில் எங்கள் வீடும் அப்படித்தான்,
பக்கவாட்டில் நகர வழியில்லாமல்
மூன்று முறை பரணை உயர்த்தினோம்.

இரவு போனில், ஸ்பீக்கரில், பாய் சொன்னார்:
"ஸ்ட்ரோக் பெரிசாயிடுச்சு சார், இனி பயமில்ல."
ஜசிந்தா இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு
"யாருக்கு? எந்தப் பக்கம்?" என்றாள்.
அவள் அப்பாவுக்கு இடது பக்கம்.
நான் கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.

இப்போது பிஸ்டன்
பிளாக்குக்கு வெளியே தலை நீட்டும்.
பின் துளையை அதே இரண்டரை ஏற்றி
மூன்று பிஸ்டனுக்குக் கோயம்புத்தூரில் சொல்லிவிட்டு
பார்சலுக்குப் பதினெட்டு நாள் ஆட்டோவில் அலைந்தோம்.
அந்தப் பணத்தைப் பற்றி இங்கே வேண்டாம்.

பூட்டிவிட்டு ஸ்பேனரால் கையாலேயே சுற்றினால்
மூன்றாவதில் 'டக்'.
ராடின் போல்ட் தலை பிளாக்கை உரசுகிறது.
மறுபடி அத்தனையும் கழற்றி,
நகக்கண் அளவு இரும்பை ராவி எடுத்து,
மறுபடி பூட்டி,
மறுபடி சுற்றி,
ஒன்றும் கேட்காததைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் எழுநூற்றுத் தொண்ணூற்றாறுதான்.
யாரிடமும் சொல்லவில்லை.
இதில் சொல்கிறேன்.

பந்தயத்துக்கா என்று கேட்டான் மைத்துனன்.
இல்லை, உன் வீட்டுக்கு.
பாணஸ்வாடியில் உன் அபார்ட்மென்ட்டின் அடித்தளத்திலிருந்து
தெருவுக்கு ஏறும் அந்தச் சரிவுக்கு.
ஒவ்வொரு புதன்கிழமையும் பிசியோதெரபிக்கு
மாமாவை லிஃப்டில் இறக்கி, முன்சீட்டில் அமர்த்தி,
சக்கர நாற்காலியைப் பின்னால் திணித்தால்
பாதி ஏற்றத்தில் என்ஜின் இருமி நிற்கும்.
ஜசிந்தா இறங்கிக்கொள்வாள்.
வாட்ச்மேன் பீரேன் பின்னால் வந்து தள்ளுவார்.
மாமாவால் இறங்க முடியாது.
கண்ணை மூடிக்கொண்டு
நல்ல காலால் தரையை மிதிப்பார்,
தானும் தள்ளுவதுபோல.

அந்தப் புதன்கிழமை
சரிவு தொடங்கும் இடத்தில்
பழக்கத்தில் கதவைத் திறந்தாள்.
"உட்காரு."
"வேணாம், நான் நடந்துடறேன்."
"உட்காரேன்."
கதவு சரியாகச் சாத்தாமலே கிளம்பிவிட்டது வண்டி.
முதல் கியர்தான். ஆனால் கிளட்ச் நாற்றம் இல்லை,
இருமல் இல்லை. கீழிருந்து யாரோ
நிதானமாக மூச்சை இழுத்து விடுவதுபோல்
ஏறியது.

பேன்ட்டில் கையைத் துடைத்தபடி
ஓடி வந்தார் பீரேன்.
வந்து சேர்வதற்குள் தெருவின் வெயிலில் இருந்தோம்.
கண்ணாடியில் பார்த்தேன்:
தள்ள நீட்டிய இரண்டு உள்ளங்கைகளும்
தொட ஒன்றுமில்லாமல் அப்படியே நின்றன.

முன்சீட்டில்
மாமா இன்னும் கண் திறக்கவில்லை.
வலது காலையும் எடுக்கவில்லை.