அருகில்தான் இருக்கிறேன்

பெருங்குடியில் மணி ஒன்றரை.
அங்கே இன்னும் வெளிச்சம் போகவில்லையாம்.
ஜூன் மாதத்துச் சூரியனுக்கு
அந்த ஊரில் வீடு திரும்ப மனசே வருவதில்லை.

நான் தெரேஸ்.
அடையாள அட்டையில் தாஹிரா.
ஹெட்செட் மாட்டிவிட்டால் தெரேஸ்.
வாடகைக் கார் நடுவழியில் நின்றுபோனவர்களிடம்
'அருகில்தான் இருக்கிறேன்' என்று சொல்லச்
சம்பளம் வாங்குகிறவள்.

அழைத்தவர் பெயர் கில்பேர், பெல்ஜியத்துக்காரர்.
பின்னால் மனைவியின் குரல்,
ஒரு கோட்டை மூடுமுன் போய்ச் சேராத கோபத்தில்.
பெட்ரோல் வண்டிக்கு டீசல் ஊற்றியிருக்கிறார்கள்.
இந்த வாரத்தில் ஐந்தாவது.

எங்கே நிற்கிறீர்கள்?
திராட்சைத் தோட்டம், என்றார்.
வேறு என்ன தெரிகிறது?
திராட்சைத் தோட்டம்.

லுவார் நதியின் தென்கரை
எச்சில் தொட்டுப் புரட்டிய புத்தகம் எனக்கு.
எந்த ரவுண்டானாவில் டிராக்டர் குறுக்கே வரும்,
எந்தப் பங்க்கில் இயந்திரம் அட்டையை விழுங்கும்,
எந்தக் கோட்டைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை,
கேளுங்கள், சொல்கிறேன்.
விமானத்தில் ஏறியதில்லை.
நுங்கம்பாக்கத்தில் இரண்டு வருடம் மாலை வகுப்பு,
மீதி எல்லாம் திரையில் விரல் வைத்து நடந்தது.
நதி எப்படி மணக்கும் என்று மட்டும்
எந்த வரைபடமும் சொன்னதில்லை.

'ஒரு விநோதம்' என்றார் கில்பேர்.
'வீடே இல்லை. ஆனால் தரையிலிருந்து
ஒரு புகைபோக்கி முளைத்திருக்கிறது.
புகை வருகிறது.
வெங்காயம் வதங்குகிற வாசனை.'

சிரித்துவிட்டேன். அது விதிமீறல்.
ஐயா, நீங்கள் யாருடைய
கூரைமேலோ நிற்கிறீர்கள்.

கோட்டைக்கென்று வெட்டிய வெள்ளைக் கல்.
கல் வண்டியேறி, படகேறி, கோபுரமானது.
வெட்டிய பள்ளம் எங்கும் போகவில்லை.
அதற்கு ஒரு கதவு வைத்து
உள்ளே குடியேறிவிட்டார்கள்.
வலப்பக்கம் ஒற்றையடிப் பாதை இருக்கும், இறங்குங்கள்.
நீலக் கதவு. தட்டுங்கள்.

நாய். பிறகு செருப்புச் சத்தம்.
பிறகு போன் கைமாறி
முரட்டுக் கிராமத்துப் பிரெஞ்சு:
நான் ஒதெத், யாரம்மா நீ,
என் வீட்டுப் பாதை உனக்கு எப்படித் தெரியும்?

இழுவை வண்டிக்கு விலாசம் வாங்கினேன்.
வைக்கப் போனவளை அவள் விடவில்லை.
'உன் பக்கம் மழை பெய்கிறதே, கேட்கிறது.
இங்கே ஒரு சொட்டு இல்லை.
எங்கே இருக்கிறாய்?'

அருகில்தான்.
அதுதான் எழுதிக் கொடுத்திருக்கும் பதில்.
வெளியே பள்ளிக்கரணை முழுக்க இடி.
நான் சொன்னது:
ஒரு பாறைக்குப் பக்கத்தில்.

பொய் இல்லை. பல்லாவரத்தில்
எங்கள் போர்ஷனின் பின்சுவர் மலைதான்.
முன்னால் மூன்று சுவர் கட்டி
வாடகை ஒன்பதாயிரம் என்றார் வீட்டுக்காரர்,
பாறைக்கும் சேர்த்து.

'மழை வந்தால் சுவர் வியர்க்குமா?' என்றாள்.
வியர்க்கும்.
'துணியெல்லாம் காளான் வாசம்?'
ஆமாம், என்றேன், தெரேஸின் குரல் அது இல்லை.
'அலமாரியைப் பாறையோடு ஒட்டாதே பெண்ணே.
ஒரு சாண் விடு.
கல்லுக்கும் மூச்சு வேண்டும்.'

அழைப்பு நேரம்: இருபத்தொரு நிமிடம்.
டீம் லீடர் கண்ணாடிக்கு அப்பால்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

விடியலில் அலுவலக வேன்
ரேடியல் சாலையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.
குப்பை மேட்டின் புகை
யாருடைய சமையலும் இல்லை.
கைபேசியில் வாடிக்கையாளர் கருத்து வந்திருந்தது:
'அந்த ஊர்க்காரப் பெண், நன்றாக வழி சொன்னார்.
கோட்டை பார்க்க முடியவில்லை.
மூன்று நட்சத்திரம்.'

வீட்டுக்கு வந்ததும் பர்தாவைக்கூடக் கழற்றாமல்
அலமாரியில் தோளைக் கொடுத்தேன்.
பீங்கான் தட்டுகள் உள்ளே பயந்து நடுங்கின.
போர்வைக்குள்ளிருந்து தம்பி கத்தினான்:
காலங்காத்தால என்னத்தக்கா தள்ற?

ஒரு சாண்டா, என்றேன்.
எந்திரிச்சு வந்து அந்தப் பக்கம் பிடி.