நாலு மணிக்குப் பிறகு

காலையில் ஒருநாளும் நின்றதில்லை
எனது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மக்னா.
கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்:
செவ்வாய், நாலு பத்து, விண்டம் தெரு சிக்னல்.
வெள்ளி, நாலு இருபது, பாலத்தடி.
இருபது நிமிடம் பொனெற்றைத் திறந்துவிட்டால்
ஒன்றும் நடவாததுபோல் உறுமும்.

பம்பை மாற்றினார் சில்வியோ.
பிளக்கை மாற்றினான் ரஞ்சிதன்.
வித்துப்போடு என்பது மட்டும்
இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

இன்று ஷெப்பர்டனில் நாற்பத்தொரு பாகை.
பேரிக்காய்ப் பிசுக்குக் கையோடு குனிந்து
கிராங்க் சென்சர் மேல்
குடிக்க வைத்திருந்ததைக் கவிழ்த்தேன்.
புஸ்ஸென்று ஆவி.
சாவியைத் திருப்ப, உடனே பிடித்தது.

சூடேறினால் வாயடைத்துப்போகும் சாமான்.
திட்ட மனம் வரவில்லை.

புதுசு தொண்ணூறு டொலர்.
சம்பளம் வியாழன்.

அதுவரைக்கும் டிக்கியில்
நாலு போத்தல் தண்ணீர்,
அதிலொன்று எனக்கு.