வெளிச்ச அட்டவணை

எந்தக் கப்பல் எந்த இறங்குதுறைக்கு
எத்தனை மணிக்கு வரலாம் என்று எழுதுவது
துறைமுகத்தில் என் வேலை.
என் கலியாணத்துக்கும்
அப்படி ஒரு தாள் எழுதினேன்.

உப்புவெளியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் டிலக்சன்
அதை இரண்டு தரம் வாசித்தார்.
"அக்கா, இது கலியாணமோ, கணக்காய்வோ?"

சிரிக்கட்டும்.
இரண்டு கிழமைக்கு முன்னமே
முகூர்த்த நேரம் பார்த்து
அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.
மணவறை வரப்போகிற இடத்தில் என்னை இருத்திப் பார்த்தார்.
ஒன்பது பத்துக்குக் கிழக்கு வாசலால் வந்த வெளிச்சம்
முழுக்க ஐயரின் முதுகில் விழுந்தது.
"ஐயர் ஒரு முழம் தள்ளி இருந்தால் நல்லம்."
"நீங்களே கேளுங்கோ."
கேட்டேன்.
ஐயர் நிலத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்,
அரை முழத்துக்குச் சம்மதித்தார்.

தாளில் மற்றவை:
தாலி ஏறும்போது போனைத் தூக்கிக்கொண்டு
குறுக்கே வரக்கூடிய மச்சான்மார், ஏழு பெயர்.
மறிப்பதற்குத் தோழன் சஞ்சிகன்.
ரொறன்ரோ மாமா பசித்தால் காணாமல் போவார்,
அவருடைய படம் முதலில்.
பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் காணி வழக்கு,
நடுவில் குறைந்தது இரண்டு அத்தைமார்.
கச்சான் காற்றுக்குக் கூறைத் தலைப்பில் ஆறு ஊசி.
கோட்டைக்குள் மாலையை உயர்த்திப் பிடிக்கவும்:
போன வருசம் ஒரு பொம்பிளையின் பூச்செண்டைத் தின்ற மான்
இன்னும் அங்கேதான் மேய்கிறது.
பின்னேரம் ஐந்தே முக்கால், உட்துறைமுகம்.
எனக்கும் கபிலேசுக்கும் பதினெட்டு நிமிடம்.
சூரியன் எந்தப் பாரந்தூக்கிக்குப் பின்னால் இறங்குகிறதென்று
மூன்று நாள் அலுவலக யன்னலால் பார்த்துக் குறித்தது.

டிலக்சன் விரல் வைத்தது முதல் வரியில்.
'காலை ஆறு இருபது. அம்மா தனிய. யன்னல். மூன்று தரம்.'
"மேக்கப்புக்கு முதலோ?"
"முதல்தான்."
"ஏனக்கா?"

அம்மா அப்பாவின் கலியாணத்தில் எடுத்த படம் அறுபத்து நாலு.
இரண்டு இடப்பெயர்வில் அல்பம் எங்களோடு வந்தது,
ஒரு தரம் அரிசிப் பைக்குள்.
பிறகு ஒரு காலை கடல் வீட்டுக்குள் வந்தது.
தம்பலகாமத்தில் சித்தியின் அலுமாரிக்குள் கிடந்த ஒன்றுதான்
மிச்சம்.
அதில் அப்பா விறைத்து நிற்கிறார்.
யாரோ ஒருவருடைய முழங்கை தெரிகிறது.
அம்மாவின் கண் மூடியிருக்கிறது.

இருபத்திரண்டு வயதில் அம்மா எப்படிப் பார்த்தா என்று
அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.
அவரிடம் இனிக் கேட்க ஏலாது.

டிலக்சன் என்னிடம் பேனையை வாங்கி
மூன்றை வெட்டி ஐந்து என்று எழுதினார்.

கலியாணத்தன்று
ஐயர் பழைய இடத்திலேயே போய் இருந்தார்.
மச்சான்மார் ஏழு பேரில்லை, பதினொரு பேர்.
அவர்களில் முதல் ஆள் சஞ்சிகன்.
பாரந்தூக்கிக்கு முன்னால் அன்றைக்கென்று ஒரு கப்பல்,
நானே நேரம் கொடுத்த கப்பல்,
சூரியனை மறைத்துக்கொண்டு நின்றது.
பெரியப்பாவும் சித்தப்பாவும்
எப்படியோ ஒரே படத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில்.
இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊர்,
ஆளுக்கொரு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அல்பம் நேற்று வந்தது.
முதல் பக்கத்தில் அம்மா.
தலை ஈரம், தோளில் துவாய்,
வீட்டுச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.
நாலு படத்திலும் கண் திறந்திருக்கிறது,
ஒன்றில் கொஞ்சம் கோபமாகக்கூட.
ஐந்தாவதுக்கு, "இவளும் வந்து நிக்கட்டும்" என்று
அம்மா என்னைக் கூப்பிட்டா.
ஒரு கண்ணுக்கு மட்டும் மை வைத்தபடி ஓடிப்போனேன்.

அதில் அம்மா நேரே பார்க்கிறா.
என் கண் மூடியிருக்கிறது.

அதைத்தான் பெரிதாக்கிச்
சட்டம் போடச் சொல்கிறா.