இளஞ்சிவப்பு நாடா

சனிக்கிழமை கடை அடைக்கிற நேரம்
நில அளவைக்காரப் பையன் ஒருவன் வந்து
இளஞ்சிவப்பு நாடா பன்னிரண்டு சுருள் கேட்டான்.
எண்ணிக் கொடுத்தது நான்.
மீந்த ஒன்றை, நாளைக்கு ஆகும் என்று
என் பைக்குள் போட்டுக்கொண்டதும் நான்.
(கணக்கில் எழுதிவிட்டேன். முதலாளி எண்ணுவார்.)

ஞாயிறு ஐந்தரை மணி. ஒட்டுக்கடையில் நால்வர்:
கிளினிக் தாதி புஷ்பலீலா,
வங்கிக் காவலர் குணாளன்,
தபால் மோட்டார் ஓட்டும் சுல்கிப்லி,
ஆணியும் பெயிண்டும் விற்கிற நான்.
எல்லார் காலிலும் பத்து வெள்ளிக்
கறுப்பு ரப்பர் சப்பாத்து.
ஈப்போவில் ஐந்நூறு வெள்ளிக்குத் தொங்குவதெல்லாம்
இந்த மண்ணில் வழுக்கும்.

தோட்டத்தின் பெயர், பலகையில், கில்டேர்.
எங்கள் வாயில் கீழ்த்தேர்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரியைத் தவிர
இங்கே எந்தத் தேரும் ஓடியதில்லை.
அயர்லாந்தில் அப்படியொரு ஊராம்,
புஷ்பலீலா கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாள்:
அங்கேயும் மேடு, காடு, கரிச்சேறு.
சேற்றை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்களாம்.
அங்கேயும் ஞாயிறுகளில் ஆட்கள்
சும்மாவே அதற்குள் நடப்பார்களாம்.
அட்டை உண்டா என்றார் குணாளன்.
அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை.
அப்படியென்றால் அது நடையே இல்லை என்றார்.

கடைசி செம்பனை வரிசையைத் தாண்டியதும்
வெளிச்சம் பச்சையாகிறது.
பேச்சு தானாக நிற்கிறது.
பாதை பிரிகிற இடத்தில் நாடா தெரிந்தது,
புத்தம் புதிதாய் மினுங்கிக்கொண்டு.
போன வருஷம் நாங்கள் கட்டியது.
மழை கழுவியிருக்கும் என்றேன்.
நம்பினார்கள்,
நாடா விற்பவள் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

மலை ஏற வேண்டிய இடத்தில்
பாதை இறங்கியது.
ஒருவரும் சொல்லவில்லை.
அடுத்த நாடா, அதற்கடுத்த நாடா,
பிறகு தே ஓ நிறத்தில் தண்ணீர்,
பிறகு முழங்கால்வரை சேறு.
காலை இழுத்தேன். கால் வந்தது.
இடது சப்பாத்து வரவில்லை.
கையை விட்டுத் துழாவினேன்,
தோள்வரை குளிர்ச்சி, அடி தட்டுப்படவில்லை.

சுல்கிப்லிதான் கண்டுபிடித்தான்.
ஒவ்வொரு நாடாவுக்கும் நடுவே
சரியாக இருபது எட்டு.
நாங்கள் அப்படிக் கட்டுகிற ஆட்கள் இல்லை.
தயங்கிய இடத்தில் கட்டுவோம்.
விழுந்த இடத்தில் இரண்டாய்க் கட்டுவோம்.
புஷ்பலீலா பாம்பைப் பார்த்த இடத்தில் மூன்று.
இது தயக்கமே இல்லாத நாடா.
முடிவில் ஒரு முளை,
வெள்ளை பெயிண்ட், சிவப்பில் பதினேழு.
பெயிண்டும் எங்கள் கடைதான்.

இங்கே என்ன வரப் போகிறது?
சாலை, செம்பனை, வீடமைப்பு,
ஆளுக்கொன்று சொன்னார்கள்.
வெயில் மாதத்தில் இந்த மண்
யாரும் பற்றவைக்காமலே அடியில் புகையும்,
அதன்மேல் வீடா என்றாள் புஷ்பலீலா.
குணாளன் முடிச்சை அவிழ்க்கக் கை நீட்டினார்.
அவிழ்த்துவிட்டால்
திரும்பிப் போவது எப்படி என்றான் சுல்கிப்லி.
கை இறங்கியது.
அந்த நாடாக்களைப் பிடித்துக்கொண்டேதான்
வெளியே வந்தோம்,
ஒரு கால் சப்பாத்து, ஒரு கால் சேறு.
பன்னிரண்டு சுருளை விற்றது யார் என்று
கடைசிவரை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பையன் வந்தான்.
கல்லாப்பெட்டி மேல் ஒன்றை வைத்தான்,
கழுவி, வாய் கீழாகக் கவிழ்த்து.
"பதினேழாம் முளைகிட்ட மாட்டிச்சு அக்கா.
உங்க கடைச் சரக்கு மாதிரி இருக்கே."
எடுத்துக் காலில் போட்டுப் பார்த்தேன்.
இன்னும் குளிர்ந்தது.
எத்தனை சுருள் என்றேன்.
இருபது என்றான்.
விலை ஏறிவிட்டது என்றேன்.
ஏறவில்லை.