பூட்டிய பின்னும்

அறிவிப்பு வந்தபோது மணி ஏழு இருபது.
செக்கிங்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
பெட்டகத்தைப் பூட்டிய பின்னும்
மாஸ்டர் பாஸ்வேர்ட்
நினைவகத்தின் ஏதோ ஓரத்தில் அழியாமல் கிடக்கிறது,
தெரிந்தவன் வந்தால் பொறுக்கிக்கொள்ளலாம்,
உடனே புதுப்பிக்கவும்.
கண்டுபிடித்தவர் பெயர் இருந்தது, ஊர் இல்லை.
திருத்தியவருக்குப் பெயரும் இல்லை,
ஒரு பூனைப்படம் மட்டும்.

ராயபுரத்தில் ஒன்பது மெஷின்,
பெரிச்சிபாளையத்தில் நாலு,
முதலாளியின் லேப்டாப் ஒன்று.

சென்னியப்பன் கேட்டார்:
"இதுக்கு வருசம் எத்தனை கட்டறோம்?"
ஒண்ணுமில்லைங்க.
"காசு வாங்காம பூட்டுப் போடறவனை
எப்படிம்மா நம்பறது?"

மேசைமேல் ஒரு சாம்பிள் கிடந்தது,
ஜெர்மனிக்குப் போகிற குழந்தைச் சட்டை.
அவர் கை தன்பாட்டுக்கு
அதை உள்பக்கம் புரட்டி
ஓவர்லாக் ஓட்டத்தை நீவிக்கொண்டிருந்தது.
நான் அந்தக் கையைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
"சரி, போடு."

இறக்கிய கோப்பின் முத்திரையை
அறுபத்து நாலு எழுத்தும் விரல் வைத்து ஒத்துப்பார்த்தேன்.
திருத்தம் மொத்தமே மூன்று வரி.
யாரும் படிக்கலாம். நானும் படித்தேன்.
ஏழாவது மெஷினில் கரண்ட் போனது.
யுபிஎஸ் இரண்டு நிமிசம் கத்திவிட்டுச் செத்தது.
பவர் டேபிள்கள் அடங்கின இருட்டில்
எவளோ ஒருத்தி எதற்கோ சிரித்தாள்.
ஜெனரேட்டர் பிடித்ததும்
ஏழாவதை மறுபடி முதலிலிருந்து.

கடைசியாக அவருடையது.
போட்டு முடித்துத் திறந்து பார்க்கவேண்டும்.
"அந்தப்பக்கம் திரும்பிக்கம்மா."
திரும்பினேன்.
காதைத் திருப்ப முடியவில்லை.
ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பவர்
ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுக்கிறார்.

அது ஒரு பெயர்.
அவிநாசி கோர்ட்டில்
பதினேழு வருசமாய் எதிர்ப்பக்கம் நிற்கும் பெயர்.
ஒரே வயிற்றில் பிறந்து
ஒரே கிணற்றுக்கு அடித்துக்கொண்ட பெயர்.
ஆபீசில் யார் வாயிலும் வரக்கூடாது.
கூடவே நாலு இலக்கம்,
பிறந்த வருசமாயிருக்கும்.
ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது
பெட்டகம் பூட்டிக்கொள்ளும்.
எட்டுத் தடவையும்
இப்படித்தான் கூப்பிடுகிறார் போல.

திறந்தது. பூட்டினேன்.
சொன்னபடியே புதுப் பதிப்பு
அந்த இடத்தில் பூஜ்யங்களை எழுதியது.

பழசைப் பார்த்தவர்கள் இருக்கலாம்,
பாஸ்வேர்டையும் மாத்திக்கச் சொல்லியிருக்காங்க என்றேன்.
குழந்தைச் சட்டையைத் திரும்ப நேராக்கி
மடித்து வைத்தார்.
"அதை அப்புறம் பாக்கலாம், போ.
பஸ்ஸுக்கு நேரமாச்சு."

புஷ்பா தியேட்டரில் ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்து
நானும் எழுதிப் பார்த்தேன்,
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
குமார் நகர் தாண்டியாயிற்று.
எங்கேம்மா என்றார் கண்டக்டர்.
வாய் வரை வேறென்னவோ வந்தது.
அனுப்பர்பாளையம் ஒண்ணு, என்றேன்.