இஸ்திரி போட்ட பாடம்

விடுதியைப் பூட்டிய அன்று
பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள்
துணிப்பையை எடுத்தார்கள், தட்டை எடுத்தார்கள்.
புத்தகங்களை எடுக்கவில்லை.
புள்ளிப் புத்தகம் ஒவ்வொன்றும் தலையணைக் கனம்.
இரண்டு வாரந்தானே என்றார்கள்.

புரட்டாசி வந்துவிட்டது.

பாடம் இப்போது டிவியில்.
"இங்கே பாருங்கள்" என்கிறார் ஒருவர்,
"இதிலிருந்து இது வருகிறது."
பூவேந்தன் போன் போட்டான்.
"டீச்சர், எதுலேருந்து எது வருது?"

எனக்கும் தெரியவில்லை.
நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்,
தஞ்சாவூர் கீழவாசலில், மாடி வீட்டில்,
பிறந்ததிலிருந்து எதையும் பாராத கண்ணோடு.

சட்டத்தில் தாளைச் செருகி
வலமிருந்து இடமாகக் குத்தினேன்.
எங்கள் எழுத்து அப்படி:
முதுகில் குத்தி, திருப்பிப் போட்டு, முகத்தில் படிப்பது.
வாரத்துக்கு எட்டுத் தாள்.
"மடிக்காதீர்கள்" என்று உறைமேல் தங்கை எழுதுவாள்.
அம்மாப்பேட்டை போகும் பால்வண்டிக்காரர்
காசு வாங்கமாட்டார்.

தொடாதே என்றது ஊர்.
தாழ்ப்பாளை, ரூபாய் நோட்டை, அடுத்தவர் தோளை.
தொடாமல் இவன் எப்படிப் படிப்பான் என்று
வந்த சுற்றறிக்கை எதிலும் இல்லை.
சானிடைசர் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி செதிலாகி
'ப'வும் 'ம'வும் ஒன்றாய்த் தெரியுது என்றான்.
ஒரு புள்ளி வித்தியாசம், அவ்வளவுதான்.

ஒளிச்சேர்க்கை அனுப்பிய வாரம்:
"டீச்சர், நீங்க ஒண்ணுமே எழுதலியே?
எட்டும் வழுவழுன்னு இருக்கு."

பின்னாலிருந்து அவன் அம்மா.
"நாந்தாங்க.
இவங்கப்பா கொள்முதல் நிலையத்துல மூட்டை தைக்கிறாரு.
அங்க ஒருத்தருக்கு வந்துட்டுது. பயம்.
தாளை வெயில்ல போடலாம்னா மூணு நாளா மழை,
நெல்லே காயலை, தாளு எங்க காயும்?
பொட்டியில கொட்டாங்கச்சி கங்கு போட்டு
ரெண்டு பக்கமும் நல்லா தேச்சுட்டேங்க.
கிருமி செத்துடும்னு."

கிருமி செத்திருக்கும்.
ஒளிச்சேர்க்கையும் செத்திருந்தது.

மறுபடி அனுப்புகிறேன் அமிர்தம் என்றேன்.
பதில் இல்லை. போன் அணைந்தது.
கோபமா, சார்ஜ் இல்லையா, தெரியவில்லை.

மீதியை அவன்தான் சொன்னான்.
ராத்திரியெல்லாம் பக்கத்தில் டொக்கு டொக்கென்று சத்தமாம்.
தாளை விளக்குக்கு எதிரே பிடித்தால்
செத்த புள்ளிகள் சாம்பல் நிறத்தில் தெரியுமாம்.
சாக்கு தைக்கிற ஊசியைக் கல்லில் தேய்த்து முனை மழுக்கி,
நாலாய் மடித்த கோணிமேல் தாளை வைத்து,
ஒவ்வொரு தழும்பையும் முதுகிலிருந்து குத்தியிருக்கிறாள்,
நட்ட வயலில் விட்டுப்போன இடத்துக்கு நாற்று ஊன்றுவதுபோல.
என்ன எழுத்தென்று ஒன்றும் தெரியாது.

இரண்டு ராத்திரியில் ஒன்றரைத் தாள்.

அந்த ஒன்றரைத் தாளிலிருந்து
அவன் எழுதிய விடைகள் பால்வண்டியில் வந்தன.
இலையில் இருக்கும் பச்சை நிறமி எது?
மச்சையம்.
உணவு தயாரிக்க உதவுவது?
மச்சையம்.

விரல் செதிலால் வந்ததா, ஊசி விட்டதா?
அவள் தாளையும் கேட்டு வாங்கித் தடவினேன்.
சில புள்ளிகள் பொத்துப்போய் ஓட்டை,
சில மிளகு அளவு.
மூன்றாம் வரியில் 'ப'வுக்கு ஒரு புள்ளி இல்லை.

"தப்புன்னு தெரியாதாடா உனக்கு?"
"தெரியும் டீச்சர். தாள்ல அப்படித்தானே இருந்துச்சு."

ஐந்துக்கு ஐந்து போட்டேன்.
சரியா தவறா என்று தலைமையாசிரியரிடம் கேட்கவில்லை.

அடுத்த உறையில் தடித்த தாள்கள்.
மேலே தங்கையின் கையெழுத்தில்:
மடிக்காதீர்கள். தேய்க்காதீர்கள்.
உள்ளே இன்னொரு சட்டமும் குத்தூசியும்.
யாருக்கென்று எழுதச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து,
சமையல் முடிந்திருக்கும் நேரம், போன்.
பூவேந்தன் இல்லை.

"ஏங்க, 'அ'னாவுக்கு ஒரே ஒரு புள்ளிதானாங்க?"

ஒன்றுதான் என்றேன்.

"அடேயப்பா" என்றாள்.
"அப்ப நான் நிறைய 'அ'னா குத்தியிருக்கேன்."